மலை ஜீப்புக்குப் பின்தட்டு

— இத்தினி ஒர்க்சாப்பு கெடக்குது கள்ளக்குறிச்சியில. எல்லாத்தையும் வுட்டுட்டு எங்க கடைக்கா வந்து நிக்கிறீங்க?

— எல்லாத்துலயும் ஏறி எறங்கிட்டுத்தாம்மா வந்தேன். ஜீப்புக்குப் பின்னால சாமான் வெக்க ஒரு தட்டு, அவ்ளோதான் கேட்டேன். ஒவ்வொருத்தனும் ரெண்டு இரும்பு ஆங்கிள வெச்சி வெல்டு அடிச்சி அனுப்பிடறான். வெள்ளிமலைக்கு நாலு நடை போய்ட்டு வந்தா வாயப் பொளந்துக்குது.

— அதுக்கில்ல. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா? ஜீப்பு டிரைவரு காசிநாதன். இந்த வண்டி நம்பரு எனக்கு மனப்பாடம். கேஸு கட்டுல மூணு எடத்துல இருக்குது. மறியலுக்கு ரோட்டுல மரம் வெட்டிப் போட்ட அன்னிக்கு இதுங் கண்ணாடிய கல்லால ஒடச்சி, உள்ள இருந்த ஆளு மண்டையயும் ஒடச்சாருன்னுதானே எங்க வூட்டுக்காரரு ரெண்டு மாசமா கடலூரு ஜெயில்ல கெடக்குறாரு?

— தெரியும்மா. பொன்னுரங்கம் சம்சாரம் நீதான்னு தெரிஞ்சிதான் வந்தேன். கொளஞ்சியம்மாளு.

— பேரு வேற தெரிஞ்சி வெச்சிருக்கீங்க. நல்ல மனசுதான்.

— திட்டணும்னா திட்டிடு, கேட்டுக்கறேன். ஆனா மலை மேல ஓடற ஏழு ஜீப்புல அஞ்சுக்கு இந்தக் கடை தட்டுதான். சும்மா சொல்லக்கூடாது, அந்த அஞ்சுல ஒண்ணு கூட ஆடி நான் பாத்ததில்ல. அவரு உள்ள போனதும் கடைய மூடியிருப்பீங்கன்னுதான் நெனச்சேன். போன வாரம் கச்சிராயபாளையத்துல ஒரு வண்டில புதுத் தட்டு பாத்தேன். யாருய்யா போட்டதுன்னேன். பொன்னுரங்கம் சம்சாரம்ன்றான். அடேங்கப்பான்னு ஆயிடுச்சி எனக்கு.

— இதுல இன்னா அடேங்கப்பா? பத்து வருசமா அந்தப் பக்கம் அவரு அடிப்பாரு, இந்தப் பக்கம் நான் புடிச்சிக்கினு நிப்பேன். புடிச்சிக்கினு நிக்கிறவளுக்குக் கண்ணு இருக்காதா?

— அதச் சொல்லு. எங்கூட கிளீனரா ஒருத்தன் பத்து வருசம் ஒக்காந்துக்கினு வந்தான். இன்னிக்கும் அவனுக்கு ரிவர்சு கீர் எந்தப் பக்கம்னு தெரியாது.

— சிரிக்க வெக்காதீங்க, சிரிக்கிற நெலமையில நான் இல்ல. வர்ற திங்கக்கெழம வாய்தா. நேர்ல பாத்த சாட்சி நீங்கதான். மூணு நாளு முன்னாடி எங்கிட்ட வேலைக்கு வர்றீங்க. சாட்சியக் கலைக்கிறான்னு என்னையும் தூக்கி உள்ள போட்டா?

— நான் யாருகிட்டயும் மூச்சு வுட மாட்டேன்.

— நீங்க யாருகிட்ட இன்னா சொல்லுவீங்கன்னு எனக்கு எப்டிங்க தெரியும்?

— அது நாயந்தான்.

— சரி, உள்ள வுடுங்க. வண்டி இன்னா பண்ணுச்சி பாவம். ஆனா ஒண்ணு. கேஸப் பத்தி ஒரு வார்த்த நான் கெஞ்ச மாட்டேன். நீங்களும் எனக்கு எறக்கப்பட்டுக்கினு எதுவும் பேச வேணாம். தட்டப் பத்தி மட்டுந்தான் பேச்சு.

— தட்டு மட்டுந்தான். இந்தா, ஓரமா நிறுத்திட்டேன். டேப்பு எடுக்கலயா?

— இன்னா ஏத்துவீங்க?

— மொதல்ல அளவு…

— இன்னா ஏத்துவீங்கன்னு தெரியாம எத அளக்கறது?

— அடேங்கப்பா. மேல போறப்ப ரேஷன் சக்கர, உப்பு மூட்ட, மண்ணெண்ண டின்னு, பள்ளிக்கூடத்து நோட்டுக் கட்டு. எறங்கறப்ப கடுக்கா, சாம, தேன் டப்பா, மரவள்ளிக் கெழங்கு. சந்த நாள்ல ஆடு.

— ஆடு தட்டு மேல ஏறாது.

— ஆடு கீழ. தட்டு மேல மூட்ட. அதுக்கு முன்னால ரெண்டு பெஞ்சுலயும் சனம்.

— எத்தினி பேரு?

— எட்டு பேரு.

— நெசத்த சொல்லுங்க. எட்டு பேருக்குன்னு எடம் வுட்டுட்டு பதினாறு பேரு ஏறுனா, கடேசில ஒக்காரவன் முதுகுல தட்டு குத்தும்.

— பதினாலு. சந்த நாள்ல பதினெட்டு. பின்னால தொங்கறது தனி.

— அப்டி சொல்லுங்க. இந்தக் கோடில ஏறி ஒக்காருங்க. நல்லா பின்னால சாஞ்சி. தலையில துண்டு கட்டிக்கோங்க.

— துண்டு எதுக்கு?

— மலைக்காரங்க தலப்பா இல்லாம எறங்குவாங்களா? மொட்டத் தலைக்கு அளந்துட்டா, தலப்பா முட்டும். அவங்க கேக்கவும் மாட்டாங்க. குனிஞ்சிக்கினே வந்துருவாங்க.

— நெசம்மா அது. குனிஞ்சிக்கினேதான் வருவாங்க. ஒரு பய இத யோசிச்சதில்ல. அளவு எழுதிக்கலயா நீ? கயித்துல முடிச்சு போடற?

— எழுதுன துண்டு காத்துல போயிரும். முடிச்சு போவாது. மொத முடிச்சு அகலம், ரெண்டாவது ஒசரம். எறங்குங்க. கரண்டு ரெண்டு மணிக்குத்தான் வரும். அதுக்குள்ள இந்தப் பழசக் கழட்டிடலாம். பதினேழாம் நெம்பரு ஸ்பேனரு, அந்த டப்பாவுல.

— இந்தா. போன ஆடி மாசம் கோமுகி டேமு பக்கம் ஒரு ஜீப்பு கவுந்துச்சே, ஞாபகம் இருக்குதா? தார்ப்பா கிழிஞ்சி போச்சி. தார்ப்பாவத் தாங்கற வளையம் பூரா நசுங்கிடுச்சி. உங்க தட்டு மட்டும் கல்லு மாதிரி நிக்கிது. அது மேல இருந்த தேன் டப்பா மூடி கூட தொறக்கலயாம்.

— மூடி தொறந்துதான் கெடந்துச்சி. நான் போயி பாத்தேன். தட்டு பூரா எறும்பு.

— இருக்கட்டும், கேக்கறதுக்கு நல்லாருக்குது இல்ல? மலைப் பூரா அப்டித்தான் சொல்லிக்கினு இருக்கறாங்க.

— இந்தப் பழசு யாரு போட்டது?

— நானேதான். ஒரு பலக, ரெண்டு கம்பி, நாலு போல்ட்டு. அவசரத்துக்கு.

— ஓட்டையப் பாருங்க. வட்டமா இருக்க வேண்டியது நீட்டமா கிழிஞ்சிருக்குது.

— மலை ரோடும்மா. குலுங்கிக் குலுங்கி…

— குலுங்குனா ரெண்டு பக்கமும் தேயும். தேஞ்ச எடம் வழவழன்னு இருக்கும். இது ஒரே பக்கமா, முன்னால பாத்து கிழிஞ்சிருக்குது. ஒரே இழுப்புல கிழிஞ்ச மாதிரி.

— இருக்கும். எந்தப் பள்ளத்துல வுட்டேனோ.

— சரி, அந்தப் பலகைய சாத்தி வைங்க. ஆங்கிளு வெட்டணும். கரண்டு இல்லன்னா இன்னா, ரம்பம் இருக்குது. அந்த முனைய மிதிச்சிக்கோங்க.

— இத நீ ஒருத்தியாவா வெட்டுவ தெனம்?

— எங்க மாமியாரு வந்து வெட்டுவாங்களா?

— கோச்சிக்காத. ஆச்சரியமா இருக்குது, அதான். கையில பாரு, அந்தத் தழும்பு.

— அது மொத வாரம். அவரு உள்ள போன மூணாம் நாளு. வெல்டிங்கு ராடு சொருவாமயே நான் பாட்டுக்கு நின்னுக்கினு, இடுக்கிய மட்டும் வெச்சிக்கினு பத்து நிமிசம் அழுதேன். அப்புறம் அழுவறத நிறுத்திட்டு ராடு சொருவுனேன். சுட்டுக்கினேன்.

— யாரும் கூட மாட வரலயா?

— சங்கத்துல நாலு பேரு அரிசி கொண்டாந்து வெச்சிட்டுப் போனாங்க. வேலைக்கு யாரு வருவா? மிதிங்க நல்லா, வழுக்குது.

— நானும் நம்ம சனந்தாம்மா. படிப்புலயும் வேலையிலயும் இருவது சதவீதம் ஒதுக்கீடு வந்தா எம் புள்ளைக்குந்தான் நல்லது. வேணாம்னு சொல்லல. ஆனா பொன்னுரங்கம் எதுக்கு அதுல போயி முன்னால நின்னாரு? கையில தொழிலு இருக்குது. தட்டு கேட்டு மலையே எறங்கி வருது.

— ஐ.டி.ஐ.க்கு ரெண்டு வருசம் எழுதிப் போட்டவருங்க அவரு. ரெண்டு வருசமும் சீட்டு இல்லன்னுட்டாங்க. கெடச்சிருந்தா இந்நேரம் நெய்வேலில காக்கி சட்ட போட்டுக்கினு இருப்பாரு. எம் பையனாவது அந்தப் படி ஏறட்டும்னு போனாரு. ஒதுக்கீடு கேட்டு செவுத்துல எழுதனது கூட அவரு கைதான். அந்த எழுத்தப் பாத்தீங்களா?

— பாத்தேன். அச்சு மாதிரி இருக்கும்.

— நீங்க தட்ட வுட்டு வேற எங்கியோ போறீங்க.

— ஆமா. தட்டு. தட்டு மட்டுந்தான்.

— இந்தா, கரண்டு வந்துடுச்சி. கண்ணத் திருப்பிக்கோங்க, வெல்டிங்கப் பாக்காதீங்க. ராத்திரி கண்ணுல மண்ணு போட்ட மாதிரி இருக்கும்.

— ஆச்சா?

— இன்னும் ஒரு மூல. ம். இப்ப பாக்கலாம்.

— அடேங்கப்பா! இது வெல்டா? கொழந்தைக்குப் பல்லு மொளச்ச மாதிரி வரிசையா இருக்குதே. நான் பாத்தவனுங்க எல்லாம் கோழி எச்சம் மாதிரி சொட்டி வுட்டுட்டுப் போவானுங்க. எம் மலை மேல சத்தியமா சொல்றேன், பொன்னுரங்கம் கைக்கே இப்டி வராது.

— அவரு கை இத வுட நல்லாருக்கும். இத அவரு பாத்தா ‘இந்த எடத்துல அவசரப்பட்டுட்ட கொளஞ்சி’ன்னுவாரு. இந்தப் புள்ளி தெரியுதா? இங்கதான்.

— எனக்கு ஒண்ணும் தெரியல.

— அவருக்குத் தெரியும்.

— இத அப்டியே பாடியோட வெச்சி ஒட்டிட வேண்டியதுதானே?

— தட்டுக்குள்ளதான் வெல்டு. வண்டியோட சேர்ற எடத்துல போல்ட்டுதான். நடுவுல லாரி டியூப்ப வெட்டி ரப்பரு. உங்க வண்டி ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்குனா, பாடி மொத்தமும் துணி பிழியற மாதிரி முறுக்கிக்கும். வெல்டு வளையாது, வெடிச்சிரும். ரப்பரு கொஞ்சம் வளஞ்சி குடுக்கும். அதனாலதான் எங்க தட்டு ஆடறதில்ல. வேற வித்த ஒண்ணும் இல்ல.

— இத எங்கிட்ட சொல்லிட்டியே, நான் போயி வேற ஒர்க்சாப்புல சொல்லிட்டேன்னா?

— சொல்லுங்க. நல்லதுதானே. எல்லாத் தட்டும் நிக்கும்.

— சும்மா சொல்லக்கூடாது, நீ பெரிய மனுசிம்மா.

— பெரிய மனுசிக்கு முதுகு வலிக்குது. பின் சக்கரத்தத் தூக்கணும், கீழேந்து நட்டு புடிக்கணும். ஜாக்கி எடுங்க.

— ஜாக்கி… இல்லம்மா.

— மலைக்குப் போற வண்டில ஜாக்கி இல்லயா?

— இருந்துச்சி. தொலஞ்சி போச்சி. பஞ்சரு ஆனா பக்கத்து வண்டிக்காரன்கிட்ட வாங்கிக்கறேன்.

— எப்ப தொலஞ்சிது?

— ரெண்டு மாசம் ஆவும்.

— எங்க வெப்பீங்க அத?

— இந்தத் தட்டு மேலதான். கீழ வெச்சா ஆட்டுக் கால்ல மாட்டுது.

— கட்டி வெப்பீங்களா, சும்மாவா?

— சும்மாதான். அது நல்ல வெயிட்டு. எங்க எந்திரிச்சிப் போயிடப் போவுதுன்னு…

— எங்க போச்சி?

— தெரியலம்மா. நான் வேணா நம்ம பஸ் ஸ்டாண்டுகிட்ட போயி ஒரு ஜாக்கி கேட்டு வாங்கியாரட்டுமா?

— வேணாம். எங்கிட்ட இருக்குது. இந்தா, இத சொருவி அடிங்க. போதும். இந்தத் தட்டத் தூக்குங்க, ஒரு கை புடிங்க. மெதுவா. வளையத்துல இடிக்காம.

— வெயிட்டே தெரியல. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காத. தட்டத் திருப்பிப் போட்டுட்டியோ? முன் பக்கம் ஒரு முழத்துக்குத் தடுப்பு எழுப்பியிருக்கற. பின் பக்கம் வெறுங் கம்பி. ரோட்டுல சாமான் சிந்தாம இருக்க பின் பக்கந்தானே ஒசத்தணும்?

— பின்னால கதவு இருக்குது. சிந்துனா ரோட்டுல சிந்தும், எறங்கிப் பொறுக்கிக்கலாம். முன்னால இன்னா இருக்குது?

— சனம்.

— அதான். வர்றவங்க எல்லாரும் பின்னாலதான் ஒசத்தச் சொல்லுவாங்க. எங்க வூட்டுக்காரரு கேக்க மாட்டாரு. பிரேக்கு அடிச்சா சாமான் எந்தப் பக்கம் போவும்னு கேப்பாரு. எந்தப் பக்கம் போவும்?

— முன்னால.

— முன்னால. அந்தப் போல்ட்டு ஓட்ட கிழிஞ்ச மாதிரி.

— இந்தப் பக்கத்துப் போல்ட்ட முடுக்கிடலாமா?

— அண்ணே. உங்க கண்ணாடி ஒடஞ்சப்ப அந்தத் தூளு எங்க கெடந்துச்சி?

— கண்ணாடித் தூளா? பானெட்டு மேல பூரா கெடந்துச்சி. ரோட்டுல. நான் செருப்பு இல்லாம எறங்கிட்டேன், கால்ல குத்தி ரெண்டு நாளு நொண்டிக்கினு…

— உங்க மடியில?

— மடியில ஒண்ணும்…

— ஏன் நிறுத்திட்டீங்க?

— தட்டு மட்டுந்தான் பேச்சுன்னு சொன்னியேம்மா.

— நான் தட்டப் பத்திதாண்ணே பேசிக்கினு இருக்கறேன். வெளியேந்து கல்லு வந்து அடிச்சா, தூளு உள்ளதானே வரும்? உங்க மடி பூரா கண்ணாடியா இருக்கணுமே. எதுக்கு அது பானெட்டு மேல போச்சி?

— கொளஞ்சி…

— ஜாக்கி எங்கண்ணே போச்சி?

— நான் ஒக்காந்துக்கட்டுமா?

— ஒக்காருங்க. சொல்லுங்க.

— அந்தப் பெரிய புளியமரத்த பாதி வெட்டிட்டாங்கம்மா. சாஞ்சிக்கினு இருக்குது. நிறுத்து நிறுத்துன்னு கை காட்டறாங்க. வெள்ளிமலைல சந்த. வண்டி நெறைய சனம், ஆடு. இது வுழறதுக்குள்ள தாண்டிடலாம்னு மிதிச்சேன். மலை ரோட்டுல ஓட்டறவனுக்கு இருக்கற திமிரு அது. என்னால முடியாததா இதுன்னு. கிட்ட போறப்பவே குறுக்க வுழுந்துச்சி. ரெண்டு காலாலயும் பிரேக்கு மேல ஏறி நின்னேன். பின்னாலேந்து ஜாக்கி பறந்து வந்துச்சி. முன் சீட்டுல இருந்த சடையன் பெரியவரு தலைய ஒரசிக்கினு, கண்ணாடிய ஒடச்சிக்கினு, வெளிய போயி வுழுந்துச்சி.

— கல்லு?

— கல்லே வரலம்மா. ஒருத்தரும் வுடல.

— அப்ப அவரு வுடல.

— வுடல.

— இன்னொரு வாட்டி சொல்லுங்க.

— பொன்னுரங்கம் கல்லு வுடலம்மா.

— இன்னொரு வாட்டி.

— வுடல. அவரு கையில கோடாலிதான் இருந்துச்சி. ரத்தத்தப் பாத்ததும் கும்பலு பூரா ஓடிடுச்சி. ஓடாம கிட்ட வந்தது அவரு ஒருத்தருதான். கோடாலியக் கீழ போட்டுட்டு வந்தாரு. தோள்ல இருந்த துண்டக் கிழிச்சி பெரியவரு தலைக்குக் கட்டுனாரு. ‘ஏரிக்கர மேல போயிடு, அங்க மரம் வெட்டல, சீக்கிரமா ஆஸ்பத்திரிக்குப் போ’ன்னு வழி சொன்னாரு. அந்தத் துண்டு மட்டும் இல்லன்னா பெரியவரு அன்னிக்கே போயிருப்பாருன்னு டாக்டரு சொன்னாரு.

— அப்புறம் எப்டிங்க அவரு பேரு வந்துச்சி?

— ஆஸ்பத்திரிக்கு ஏட்டு ஒருத்தரு வந்தாரு. எப்டி அடிபட்டுச்சின்னாரு. பதினஞ்சு பேர ஏத்திக்கினு சாயற மரத்துக்குக் கீழ வண்டிய வுட்டேன்னு சொன்னா லைசென்சு போவும், பர்மிட்டு போவும். கல்லு வந்துச்சின்னு சொல்லிட்டேன். யாரு வுட்டதுன்னாரு. கும்பல்னேன். ஒரு பேராவது சொல்லு, இல்லன்னா உம் மேலதான் எழுதணும்னாரு. அத்தினி பேர்ல எனக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணே ஒண்ணுதாம்மா. கிட்ட வந்தவரு பேரு.

— வண்டில இருந்தவங்க ஒருத்தரும் வாயத் தொறக்கலயா?

— மலைக்காரங்கள யாரு கேட்டாங்க? கேட்டாலும் சொல்ல மாட்டாங்க. நான் வண்டி ஓட்டலன்னா அவங்க நடந்துதான் எறங்கணும். பெரியவருக்கு ஞாபகம் இல்ல. ஒவ்வொரு வாரமும் முன் சீட்டுல ஏறி ஒக்காந்துக்கினு, ‘கல்லு வுட்டவன் நல்லாருக்க மாட்டான் காசி’ன்னு சொல்லிக்கினே வர்றாரு. ஏழு தையலு. பக்கத்துல ஒக்காந்துக்கினு என்னால அவரு மூஞ்சப் பாக்க முடியல.

— அந்த ஸ்பேனர எங்கிட்ட குடுங்க.

— அடிச்சிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— அடிக்கணும் போலதான் இருக்குது. ரெண்டு மாசம்ணே! ஒரு மனுசன் ஒரு உசுர காப்பாத்திட்டு ரெண்டு மாசமா களி தின்னுக்கினு கெடக்கறாரு. நீங்க எங்கிட்ட வந்து வெல்டு நல்லாருக்குது, கொழந்த பல்லு மாதிரி இருக்குதுன்றீங்க.

— அதச் சொல்லத்தாம்மா வந்தேன். மூணு வாட்டி உங்க கடை வாசல்ல வண்டிய நிறுத்திட்டு அப்டியே போயிட்டேன். இன்னிக்குத் தட்டு ஒரு சாக்கு. உள்ள வந்தப்புறமும் வாய் வரல. நீ பாட்டுக்குத் தலப்பாவுக்கு எடம் வுட்டு அளக்கற. அத்தப் பாத்துக்கினு என்னத்த சொல்றது நான்?

— எழுந்திருங்க.

— போயிடட்டுமா?

— எங்க போறீங்க? இன்னும் ரெண்டு போல்ட்டு பாக்கி. மேல ஏறிப் புடிங்க, நான் கீழேந்து முடுக்கறேன்.

— இன்னுமா எனக்கு வேல செய்ற?

— உங்களுக்கு யாரு செஞ்சா? அந்தப் பெரியவரு அடுத்த வாரமும் இதுலதானே ஒக்காருவாரு? புடிங்க. அசையாதீங்க. ம். அடுத்தது.

— புடிச்சிக்கினேன்.

— ஆச்சி. இப்ப மேல ஏறி குதிங்க.

— தட்டு மேலயா?

— நல்லா குதிங்க. உங்களுக்குத்தான் திமிரு இருக்குதே.

— அம்மாடி. அசையல. ஒரு நூலு அசையல. இதுக்கு மேல நான் இன்னாத்த சொல்றது… கேளும்மா. திங்கக்கெழம நான் சொல்லிடறேன். கூண்டுல ஏறி, பாத்தேன்னு சொன்னது பொய்யி, ஜாக்கிதான்னு சொல்லிடறேன். லைசென்சு போனா போவட்டும். பொய் கேஸு குடுத்தேன்னு என்ன உள்ள போட்டாலும் போடட்டும்.

— திங்கக்கெழம வரைக்கும் இந்த தைரியம் இருக்குமா உங்களுக்கு?

— இருக்குமான்னு எனக்கே தெரியல. அதனாலதான் கேக்கறேன். இன்னிக்கே உங்க வக்கீலுகிட்ட இட்டுக்கினு போ. இப்பவே எழுதிக் குடுத்துடறேன். எழுதிட்டா மாத்த முடியாது இல்ல?

— அந்தப் பழைய பலகையையும் எடுத்துக்கினு வாங்க. ஓட்டையோட. வக்கீலுக்குப் புரியற மாதிரி நான் சொல்றேன்.

— எடுத்துக்கினேன். கதவ மூடிக்கினு வா, வண்டிலயே போயிடலாம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் கொளஞ்சி. மனசுல வெச்சிக்கினு இருக்க முடியல. நான் எவ்ளோ பேர ஏத்தி எறக்கிட்டேன், உன்ன மாதிரி ஒருத்தியப் பாத்ததில்ல. வேலைய வுடு. ஊரே கல்லு வுட்டவன் பொண்டாட்டின்னு பேசியிருக்கும். நீ ஒருத்தி அவர நம்பிக்கினு, கடையத் தொறந்து வெச்சிக்கினு, தல நிமிந்து நிக்கற பாரு. பொன்னுரங்கம் குடுத்து வெச்சவரு.

— அப்டி சொல்லாதீங்கண்ணே.

— நெசமாத்தாம்மா சொல்றேன். புருசன் மேல இப்டி ஒரு நம்பிக்க…

— சொல்லாதீங்கன்றேன் இல்ல! கோவம் வந்தா சுத்தியலத் தூக்கி செவுத்துல அடிக்கற ஆளு. அத நான் பாத்திருக்கறேன். ஜெயில்ல கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு ‘நான் வுடல கொளஞ்சி’ன்னு அழுதாரு. நேர்ல பாத்தவரு கையெழுத்து போட்டிருக்காரு, எங்கிட்ட எதுக்கு இன்னும் பொய் சொல்றன்னு கேட்டுட்டு எழுந்து வந்துட்டேன். நாப்பது நாளாச்சி, அந்தப் பக்கமே போவல. ஊரு நம்பலண்ணே. பொன்னுரங்கமாவது, கல்லு வுடறதாவதுன்னு ஊரு சிரிச்சிது. நீங்க சொன்னத நம்புனவ நான் ஒருத்திதான்.